பனிக்கு ஒரு திறப்பு விழா

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், அந்தப் பெயர் அச்சான பக்கத்துக்குக் குறுக்கே ரிப்பன் கட்டி, அதை வெட்டுவதற்கு ஒரு பிரதம அதிதியையும் அழைத்துவந்து, என்னை மேடையில் உட்காரவைத்துவிடுவார். எங்களுக்கு அவர் எம்.டி. சேர். ஹட்டனில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில், மழை பெய்தால் ஒழுகுகிற இரண்டு அறைகளுக்கு அவர் எம்.டி. அங்கே நாங்கள் கம்ப்யூட்டர் கேம் செய்தோம். செய்தோம் என்பதைவிட, செய்யப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று சொல்வதுதான் நியாயம்.

மனிதர் எதையும் சும்மா தொடங்கமாட்டார். "திறந்து வைக்காத சாமானும் பேர் வைக்காத பிள்ளையும் ஒண்ணு" என்பார். அவருடைய தோல்பையில் ஒரு கத்தரிக்கோல், சிவப்பு ரிப்பன் சுருள், கற்பூரம், தீப்பெட்டி, மடித்த பொன்னாடை ஒன்று எந்நேரமும் இருக்கும். சாவு வீட்டுக்குப் போனாலும் அந்தப் பையோடுதான் போவார். அங்கே எதைத் திறக்க நினைத்தாரோ, அவருக்குத்தான் வெளிச்சம்.

ஆபீசுக்குத் தண்ணீர் சுடவைக்கிற கேத்தல் வாங்கியபோது, கீழே புடவைக்கடைக்கார அம்மாவை மேலே வரவழைத்து சுவிட்சைப் போடவைத்தார். பிரிண்டரைத் திறந்துவைத்தவர் ஓய்வுபெற்ற ஒரு தபாலதிபர். கழிவறைக்குப் புதுக் கதவு போட்ட அன்று, யாரை அழைக்கலாம் என்று அவர் யோசனையில் இருந்தபோது, அவசரம் தாங்காமல் தினேஷ் உள்ளே போய்விட்டான். தினேஷ் எங்கள் ஓவியன். கேமில் வருகிற மலை, மரம், மனிதர் எல்லாம் அவன் வரைவது. வெளியே வந்தவனைப் பார்த்து, "அவசரப்பட்டுட்டியே தம்பி" என்றார். ஒரு வாரம் அவனுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

விழா எதுவானாலும் போட்டோ எடுப்பவர் அவர்தான். அந்த வேலையை அவர் யாரிடமும் விட்டதில்லை. பெரிய மனிதர் விளக்கை ஏற்றி முடித்திருப்பார். "ஐயா, போட்டோ சரியா வரல. இன்னொரு தடவ" என்பார். ஏற்றிய திரியை அணைக்கக்கூடாது என்பதால் பக்கத்துத் திரிக்குப் போகவேண்டும். மாலை என்றால் கழற்றி மறுபடியும் போடவேண்டும். மாலை வாங்கத் தெரியாமல் விறைத்து நிற்கிறவர்களுக்கு, "கழுத்தக் கொஞ்சம் குனிங்க ஐயா, அப்பத்தான் அழகா விழும்" என்று பாடமும் நடத்துவார். ஆபீஸ் சுவர் முழுக்க அந்தப் படங்கள்தான். ஒன்றில்கூட அவர் இல்லை. கேத்தல் திறப்பு விழாப் படத்தில் மட்டும் தரையில் அவருடைய நிழல் விழுந்திருக்கும்.

அவருடைய அப்பா தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்கக் கூட்டங்களுக்கு மாலைக்கூடை சுமந்தவராம். இவர் கொட்டகலைப் பள்ளிக்கூட நாளிலிருந்தே மைக் பிடித்து, "அடுத்ததாக" என்று பெயர் வாசித்தவர். அடுத்ததாக, அடுத்ததாக என்று ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேடை ஏற்றினார். அவரை யாரும் அடுத்ததாகக் கூப்பிடவில்லை. இதை அவர் குறையாகச் சொன்னதில்லை. பெருமையாகத்தான் சொல்வார். கேட்கிற எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

இப்படிப்பட்டவருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு ஓடர் வந்தது. போனில் விளையாடுகிற சின்னக் கேம். தேயிலை மலையில் காணாமல்போன ஆட்டை ஒரு சிறுமி பனிக்குள் தேடிப் போகிறாள். முதலில் ஒரு மாதிரித் துண்டு செய்து அனுப்பவேண்டும். அது பிடித்தால்தான் முழு வேலையும் எங்களுக்கு. பிடிக்காவிட்டால் சம்பளத்துக்கு வழியில்லை, ஆபீசை மூடவேண்டியதுதான். எனக்கோ கொழும்பில் ஒரு துணிக்கடையில் காசாளர் வேலை காத்திருந்தது, மாமாவின் ஏற்பாடு. "ஆட்டைத் தேடுற வேலைக்கா இவ்வளவு படிச்ச? இந்த ஓடர் சரிவரலன்னா பேசாமப் பெட்டியக் கட்டு" என்று அம்மா சொல்லியிருந்தாள். படித்த படிப்புக்கு ஏற்ற வேலையை, வீட்டிலிருந்து பஸ் ஏறிப்போய்ச் செய்துவிட்டு வரலாம் என்பது எங்கள் பக்கத்தில் சாமானியமாகக் கிடைக்கிற அதிர்ஷ்டம் இல்லை. அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

கேம் செய்வதற்கென்று ஒரு பெரிய மென்பொருள் இருக்கிறது, என்ஜின் என்பார்கள். அதனோடு ஒட்டவைக்கிற துணைக் கருவிக்குப் பெயர் பிளகின். பனியை நம்பும்படியாகக் காட்ட ஒரு பிளகின் இருந்தது. அதற்குக் கட்டணம் கட்டி லைசன்ஸ் வாங்கினோம். ஜன்னலைத் திறந்தால் கேட்காமலே உள்ளே வந்து நாற்காலியில் உட்காருகிற பனியை, கம்ப்யூட்டருக்குள் அழைத்துவர வெளிநாட்டானிடம் அனுமதி வாங்கவேண்டியிருந்தது. கையில் இருந்ததெல்லாம் அதிலேயே போய்விட்டது. இன்னொன்று வாங்க வழியில்லை.

லைசன்ஸ் என்றால் மின்னஞ்சலில் வருகிற ஒரு நீளமான எழுத்துக் கோவை, அவ்வளவுதான். அதைக் கட்டத்தில் ஒட்டி, பெயரைப் போட்டு, பொத்தானை அமத்தினால் முடிந்தது. பிளேன்டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. நான் ஒட்டப்போன நேரம் சேர் என் கையைத் தடுத்தார்.

"இப்புடியெல்லாம் சும்மா அமத்தக் கூடாது பிள்ள. வெளிநாட்டுலருந்து வந்த சாமான். மண்டபம் பாக்குறேன்."

"சேர், இது சாமான் இல்ல, நம்பரு."

"நம்பருக்கும் நல்ல நேரம் இருக்கு."

கொட்டகலையில் ஒரு மண்டபம் எடுத்தார். 'பனி மென்பொருள் உரிமம் திறப்பு விழா' என்று பதாகை அடித்தார். பொகவந்தலாவைப் பக்கத்து அரசியல் பெரியவர் ஒருவரைப் பிரதம அதிதியாக அழைத்தார். அந்தப் பெரியவருக்குச் சொந்தமாக ஒரு சங்கமும் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு எதிர்ச்சங்கமும் உண்டு. அது மழைக்காலம், எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரைப் படி இறக்கிக் கொண்டுபோக முடியாது. அதனால் ஹட்டனில் சவுண்ட் செட் கடை வைத்திருக்கிற, முஸ்லிம் அண்ணன் என்பதால் நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவரிடம் ஸ்பீக்கரோடு சேர்த்து ஒரு லெப்டொப்பையும் வாடகைக்குப் பிடித்தார். கலியாண வீடுகளில் மாப்பிள்ளை பெண்ணின் படங்களைத் திரையில் ஓட்டுகிற லெப்டொப் அது.

நான் விதிகளை வாசித்துக் காட்டினேன். எந்த மெஷினில் அமத்துகிறோமோ அந்த மெஷினோடு லைசன்ஸ் ஒட்டிக்கொள்ளும். வேறு மெஷினுக்கு மாற்றலாம், ஆனால் ஒரே ஒரு தடவை. அதுவும் யார் பெயரில் இருக்கிறதோ அவர் சம்மதித்தால் மட்டும்.

"நம்ம கம்பனிக்குத்தான லைசன்ஸ் தந்தாங்க? லெப்டொப்புக்கா தந்தாங்க?" என்று கேட்டார். இப்படி நியாயமாகக் கேட்கிற முட்டாள்தனத்துக்கு யாரால் பதில் சொல்ல முடியும்?

விழா நாளில் தவில், நாதஸ்வரம், வடை, பிளேன்டீ எல்லாம் இருந்தன. எங்கள் வீட்டு ஆட்களே சபையை நிரப்பினார்கள். பிரதம அதிதி பேசும்போது, இந்தக் கம்ப்யூட்டர் வகுப்பைத் திறந்துவைப்பதில் மகிழ்ச்சி என்றார். யாரும் திருத்தவில்லை. பிறகு லெப்டொப்பின் முன்னால் நான் உட்கார்ந்தேன். கோவையை ஒட்டினேன். பெயர்க் கட்டம் வந்தது.

"சேர், பேரு கேக்குது. கம்பனி பேரப் போடுறேன்."

"பொறு பிள்ள." மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். "திறந்து வைக்கிறது யாரு?"

"அவருதான்."

"அப்ப கல்லுல யாரு பேரு வரும்?"

"இது கல்லு இல்ல சேர். பின்னால மாத்தக் கஷ்டம்."

"கல்லுலயும் மாத்தக் கஷ்டம்தான்" என்று சொல்லி, என்னை மெதுவாக எழுப்பிவிட்டு, தானே உட்கார்ந்து ஒற்றை விரலால் அடித்தார். மாண்புமிகு என்பதையும் விடவில்லை. மின்னஞ்சல் கட்டத்தில், பக்கத்தில் நின்ற செயலாளரைக் கேட்டுப் பெரியவருடைய முகவரியையே போட்டார். பெரியவர் பொத்தானை அமத்தினார். "போட்டோ சரியா வரல ஐயா, இன்னொரு தடவ" என்றார் சேர். இரண்டாம் தடவை அமத்தியபோது, ஏற்கெனவே அமத்தியாகிவிட்டது என்று லெப்டொப் சொல்லிற்று. அதற்கும் கைதட்டினார்கள்.

மறுநாள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதே கோவையை ஒட்டிப் பார்த்தேன். இந்தப் பனி மாண்புமிகு இன்னாருக்குச் சொந்தமானது, வேறொரு மெஷினில் இருக்கிறது என்று பதில் வந்தது. பிளகின் கம்பனிக்கு எழுதிக் கேட்டேன். பெயருக்கு உரியவர் சம்மதம் தரவேண்டும், அவருடைய மின்னஞ்சலுக்கே அதைக் கேட்டு அனுப்பியிருக்கிறோம் என்று மரியாதையாக எழுதினார்கள்.

சேரிடம் போய் நின்றேன். "நீங்களே அவருக்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க சேர்."

அவர் முகம் வெளுத்துப்போனது. "அவரு பேர எடுக்கச் சொல்லி அவருக்கிட்டயே போய் நிக்கவா? மேல் தோட்டத்து பஸ் தரிப்பிடம் தெரியுந்தான? எலக்‌ஷனுக்குப் பொறகு கல்லுல இருந்த பேரக் கொத்தி எடுத்தாங்க. இன்னைக்கும் மேல் லயத்துக்காரங்க கீழ் லயத்துக்காரங்க வீட்டு நல்லது கெட்டதுக்குப் போறதில்ல. பேர எடுக்குறது லேசுப்பட்ட விசயமா பிள்ள?"

பெயரைப் போடும்போது இந்த யோசனை எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு நியாயம் வைத்திருப்பார்.

வேறு வழியில்லாமல் நானாவிடம் போனோம். லெப்டொப்பைச் சில நாட்கள் கேட்டோம். கலியாண மாதம், தினமும் ஓடர். நானா தாடியைத் தடவினார்.

"லெப்டொப்பத் தர ஏலா தங்கச்சி, அதான் நமக்குச் சோறு. ஆனா அது போற எடத்துக்கு நீங்களும் வாங்க. படம் ஓடாத நேரம் ஒங்கட வேலையப் பாருங்க."

அப்படியாக எங்கள் கேம் கம்பனி லொறியில் ஏறியது. இன்றைக்குக் கலியாணம், நாளைக்குச் சடங்கு வீடு, அடுத்த நாள் கோயில் மண்டபம். ஆள் உயர ஸ்பீக்கருக்குப் பின்னால் தினேஷும் நானும் சப்பணம் போட்டு உட்கார்ந்து, காது அடைத்துப்போக, சிறுமியைப் பனிக்குள் நடக்கவிடுவோம். மணவறையில் தாலி ஏறுகிற நேரத்தில் எங்கள் ஆடு பள்ளத்தில் விழும். மேளத்துக்கு லெப்டொப் துள்ளும். பந்தியில் எங்களுக்கும் இலை போட்டார்கள், அதை மறுக்கக்கூடாது. ஆனால் வேலை நத்தை வேகத்தில்தான் போனது. மாதிரித் துண்டு அனுப்பவேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

சேர் மட்டும் அந்த நாட்களில் பூரித்துப்போயிருந்தார். தினமும் ஒரு விழா, யாரும் அழைக்காமலே. முன்வரிசைக்காரர்களுக்குச் சந்தனம் நீட்டுவார். மைக்கை வாங்கி, "அடுத்ததாக மணமகளின் தாய்மாமன்" என்று வாசிப்பார். முன்பின் தெரியாத மாப்பிள்ளைகளுக்கு "கழுத்தக் குனிங்க தம்பி" என்பார். "பாத்தியா பிள்ள, லைசன்ஸ் நம்மள எங்கெல்லாம் கூட்டிட்டுப் போகுது" என்று என்னிடம் சொன்னபோது, எனக்கு அந்த ஸ்பீக்கரைத் தூக்கி அவர் தலையில் போடலாம் போலிருந்தது.

கொட்டகலையில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் எதிர்ச்சங்கத்து ஆட்கள், அது எங்களுக்குத் தெரியாது. மறுநாள் மாலைக்குள் மாதிரித் துண்டு போயாகவேண்டும். எல்லாம் தயார், ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி இருந்தது, கடைசியாகப் பனியைச் சேர்த்து ஒருதடவை ஓட்டிப் பார்க்கவேண்டியதுதான் மிச்சம். பெரிய திரைக்குப் போகிற வயர் கழன்று கிடப்பதாக நினைத்து தினேஷ் ஓட்டினான். நானாவின் ஆள் அப்போதுதான் அதைச் சொருகிவிட்டுப் போயிருந்தான்.

மண்டபத்துத் திரையில் மணப்பெண் மறைந்தாள். மலை வந்தது. பனி இறங்கியது. அழகாகத்தான் இறங்கியது, என் வேலை என்பதால் சொல்லவில்லை. முன்வரிசையில் ஒரு பெரியம்மா, "அட, நம்ம தோட்டத்து ஆறாம் நம்பர் மல" என்றாள். சபை அமைதியாகப் பார்த்தது. அப்போது திரையின் அடியில், பிளகின் தன் வழக்கப்படி, லைசன்ஸ்காரரின் பெயரைக் காட்டியது. மாண்புமிகுவோடு, கொட்டை எழுத்தில்.

"எவன்டா எங்க கலியாணத்துல இவன் பேரப் போட்டது?" மாப்பிள்ளையின் சித்தப்பா எழும்பிவிட்டார். "பொண்ணு வீட்டுக்காரங்க வேலையா இது?"

பெண் வீட்டார் எழும்பினார்கள். நாற்காலிகள் எழும்பின. சேர் மைக்கைப் பிடித்து, "அன்பான பெரியோர்களே, அடுத்ததாக" என்று ஆரம்பித்தார். அடுத்ததாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி அவரை நோக்கி வந்தது. நல்லவேளையாக வாழைமரத்தில் பட்டு விழுந்தது. சமாதானமாகித் தாலி கட்டி முடிய வெகு நேரம் பிடித்தது. நானா லெப்டொப்பை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"இனி ஏலா தங்கச்சி. நான் எல்லாச் சங்கத்துக்கும் செட் போடுறவன்" என்றார்.

சேர் மாப்பிள்ளை வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்கப் பொன்னாடை எடுத்துக்கொண்டு ஓடினார். அழுகையும் ஆத்திரமுமாக நான் வீட்டுக்குப் போனேன். அம்மா என் பெட்டியைக் கட்டிலுக்கு மேலே எடுத்து வைத்திருந்தாள்.

காலையில் முதல் பஸ்ஸில் பொகவந்தலாவைக்குப் போனேன், சேரிடம் சொல்லவில்லை. சொன்னால் மாலை வாங்கிக்கொண்டு போகலாம் என்பார். அந்தப் பாதையின் வளைவுகளில் வயிறு ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாகப் போய் இறங்கி, பெரியவர் வீட்டைக் கண்டுபிடித்தேன்.

பிரதம அதிதி சாரம் கட்டிக்கொண்டு உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் மெத்தை உறை, ஜன்னல் திரை, டீவிக்குப் போர்வை எல்லாமே பொன்னாடை. பூனைகூட ஒரு பொன்னாடையில்தான் படுத்திருந்தது.

விசயத்தைச் சொன்னேன். அவருடைய பார்வை கூர்மையானது.

"என் பேர எடுக்கச் சொன்னது யாரு? அந்தப் பக்கத்து ஆளுங்களா?"

"யாரும் சொல்லலங்க ஐயா. ஒங்க பேரு இருக்கறதால எங்களால வேல செய்ய முடியல. நேத்து கலியாண வீட்டுத் திரையில வந்து, நாற்காலி பறந்துச்சு. அத வச்சிருந்தா இன்னும் எங்கெங்க வருமோ தெரியாது."

நாற்காலி என்றதும் யோசித்தார். "நான் கம்ப்யூட்டர் வகுப்புன்னுல்ல நெனச்சேன்" என்று முணுமுணுத்துக்கொண்டு போனை எடுத்தார். பிளகின் கம்பனியின் மின்னஞ்சல் அதில் திறக்கப்படாமலே கிடந்தது. எங்கே அமத்தவேண்டும் என்று காட்டினேன். அமத்தினார்.

கும்பிட்டு எழும்பினேன்.

"இதுக்கு ஒரு விழா வைப்பாரா ஒங்க எம்.டி.?" என்று கேட்டார்.

"வைக்கக்கூடியவருதாங்க."

"வேணான்னு சொல்லு தாயி. விளக்கு ஏத்தி ஏத்தி வெரலெல்லாம் சுட்டுப்போச்சு. அந்த மனுசன் ஒரு விளக்க ரெண்டு தடவ ஏத்தச் சொல்வாரு. கூப்பிட்டா வராம இருக்கவும் முடியல, அவ்வளவு மரியாத."

பகல் சாய்வதற்குள் ஹட்டனுக்குத் திரும்பினேன். சேர் இன்னும் கொட்டகலையில் மன்னிப்புக் கேட்டு முடியவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் கோவையை ஒட்டினேன். இதுதான் கடைசி மாற்றம், இதற்குப் பிறகு மெஷினையும் பெயரையும் மாற்றமுடியாது என்று எச்சரித்துவிட்டு, பெயர்க் கட்டம் வந்து நின்றது.

"கம்பனி பேரப் போடு" என்றான் தினேஷ்.

நான் சேருடைய பெயரை அடித்தேன். அவருடைய அப்பாவின் பெயரின் முதலெழுத்தோடு, முழுசாக. பாசத்தில் அடித்தேன் என்று சொன்னால் பொய். முக்கால்வாசி கோபம். ஊரில் உள்ள பெரிய மனிதர்களுக்கெல்லாம் எங்கள் பிழைப்பைத் தூக்கிக் கொடுக்கிற இந்த மனிதர், கொடுக்கமுடியாத ஒன்றை ஒருநாளாவது வைத்திருக்கட்டும் என்ற கோபம். பொத்தானை அமத்தினேன். விளக்கு இல்லை, தேங்காய் இல்லை, ரிப்பன் இல்லை. பனி பாட்டுக்கு வந்தது. மாதிரித் துண்டு போய்ச் சேர்ந்தது. சேரிடம், "சரியாகிருச்சு சேர்" என்று மட்டும் சொன்னோம். அவரும் மேலே கேட்கவில்லை. கேட்டால் பெரியவரின் பெயரை எடுத்த பாவத்தில் பங்கு வரும் என்று பயந்தாரோ என்னவோ.

பிறகு ஒருநாள் காலையில் வெளிநாட்டிலிருந்து பதில் வந்தது. பிடித்திருக்கிறதாம், முழு வேலையும் எங்களுக்குத்தானாம். பனியை மட்டும் தனியாகப் புகழ்ந்திருந்தார்கள். நான் வீட்டுக்குப் போன் எடுத்து அம்மாவிடம் பெட்டியைக் கீழே இறக்கச் சொன்னேன். நாங்கள் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தபோது சேர் படியேறி வந்தார். கையில் பெரிய சம்பங்கி மாலை. நல்ல செய்தியைச் சொன்னோம். தலையாட்டினார், ஆனால் அவர் மனம் வேறெங்கோ இருந்தது.

"நல்லது, நல்லது. பிள்ள, அந்தப் பேர்க் கட்டத்தத் திற. அந்தக் கலியாண மாப்புள வீட்டுச் சங்கத்துப் பெரியவரோட பேசிட்டேன். அவரு பேர ஒரு தடவ போட்டாத்தான் ரெண்டு பக்கமும் சமனாகும். மாலைகூட வாங்கிட்டேன், அவரு கீழ ஜீப்புல இருக்காரு."

நான் கட்டத்தைத் திறந்து காட்டினேன்.

குனிந்து வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் வாசித்தார். உதடு அசைந்தது. ஊரார் பெயரையெல்லாம் ஏற்ற இறக்கத்தோடு வாசித்த வாய், அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தது.

"இது யாரு போட்டது?"

"நான்தான் சேர்."

"தப்பு பிள்ள. இத எடுத்துரு. ஆளுங்க என்ன நெனப்பாங்க?"

"எடுக்கமுடியாது சேர். ஒரு தடவதான் மாத்தலாம். மாத்தியாச்சு."

"பெரியவங்க யாராவது சொன்னா?"

"யாரு சொன்னாலும் முடியாது."

"கம்பனிக்காரனுக்கே எழுதினா?"

"அவங்களாலயும் ஏலாது" என்றேன். அவர்களால் ஏலுமோ என்னவோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்கிற உத்தேசமும் இல்லை.

கீழே ஜீப் ஹோர்ன் அடித்தது. சேர் ஜன்னலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கையில் இருந்த மாலையைப் பார்த்தார். முதல் தடவையாக அந்த மனிதருக்கு அடுத்ததாக என்ன என்று தெரியவில்லை. ஹோர்ன் மறுபடியும் அடித்தது, அவர் இறங்கிப் போகவில்லை. இத்தனை நாள் அவரைத் திட்டியதெல்லாம் திட்டியதாகவே இருக்கட்டும், ஒன்றையும் நான் வாபஸ் வாங்கவில்லை. ஆனாலும் தினேஷைப் பார்த்து அந்த மாலையைக் கண்ணால் காட்டினேன்.

தினேஷ் எழும்பி, அவர் கையிலிருந்த மாலையை வாங்கி, அப்படியே அவர் கழுத்தில் போட்டான். சேருக்குக் குனியத் தெரியவில்லை. விறைத்து நின்றார். மாலை கண்ணாடியில் மாட்டி, கண்ணாடி ஒரு காதில் தொங்கியது, சம்பங்கி இதழ்கள் கீபோர்டில் கொட்டின. நாங்கள் கைதட்டினோம். புடவைக்கடை அம்மாவும் சத்தம் கேட்டு ஏறிவந்து, என்ன ஏது என்று தெரியாமலே தட்டினார்.

சேர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எங்களைப் பார்த்தார்.

"போட்டோ எடுத்தீங்களா?"

யாரும் எடுக்கவில்லை. எங்கள் கம்பனியில் போட்டோ எடுக்கிறவர் அவர் ஒருவர்தானே.

பிறகு மாலையைத் தானே கழற்றி தினேஷிடம் கொடுத்தார். தோல்பையிலிருந்து கேமராவை எடுத்து என் கையில் தந்து, எங்கே அமத்தவேண்டும் என்று காட்டினார். பெயர் தெரிகிற திரைக்குப் பக்கத்தில் போய், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்.

"இன்னொரு தடவ போடு தம்பி" என்றார். இந்தத் தடவை ஒழுங்காகக் குனிந்தார்.